மெஷின் மிச்சப்படுத்திய நேரம் யாருக்குப் போனது?

பொருளாதார வரலாறு படிப்பவர்கள் ஒரு வரைபடத்தைப் பலமுறை பார்த்திருப்பார்கள். ஒரு பக்கம் மேலே ஏறும் கோடுகள்: மின்சாரம், குழாய்த் தண்ணீர், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், வேக்குவம் கிளீனர் இருக்கும் அமெரிக்க வீடுகளின் சதவீதம். இன்னொரு பக்கம் கீழே இறங்கும் ஒற்றைக் கோடு: வீட்டு வேலைக்குப் போகும் நேரம். சமையல், துணி துவைப்பது, வீட்டைச் சுத்தம் செய்வது மூன்றுக்கும் சேர்த்து 1900-இல் ஒரு வீட்டில் வாரம் 58 மணி நேரம் ஆனது, 1975-இல் அது 18 மணி நேரமாகச் சுருங்கியது என்பது ஸ்டான்லி லெபர்காட் என்ற பொருளாதார வரலாற்றாளரின் மதிப்பீடு. ஜெரமி கிரீன்வுட், அனந்த் சேஷாத்ரி, மெஹ்மெத் யோருகோக்லு மூவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இந்த எண்களை எடுத்துக்காட்டி, திருமணமான பெண்கள் சம்பள வேலைக்குப் போனதற்கு இந்த மெஷின்கள் பெரிய காரணம் என்று வாதிட்டது. மெஷின் வந்தது, வேலை குறைந்தது, பெண் வெளியே வந்தாள். கதை இப்படித்தான் பரவியிருக்கிறது.

கதையில் பாதி உண்மை. மறுபாதியைப் பார்க்க வேறொரு எண்ணை இதன் பக்கத்தில் வைக்க வேண்டும். ஜோன் வானெக் என்ற சமூகவியலாளர், அமெரிக்கப் பெண்கள் தங்கள் நாள் எப்படிப் போனது என்று எழுதித் தந்த பழைய நேரக் குறிப்புகளைத் தொகுத்து 1974-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வெளியே வேலைக்குப் போகாத குடும்பத் தலைவிகள் 1920-களில் வாரத்துக்கு ஏறத்தாழ 52 மணி நேரம் வீட்டு வேலை செய்திருந்தார்கள். 1960-களில்? ஏறத்தாழ 55 மணி நேரம். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் சாதாரண வீட்டுப் பொருள்களானது இடைப்பட்ட அந்த நாற்பது ஆண்டுகளில்தான். அத்தனையும் வந்து சேர்ந்த பிறகும் அந்தப் பெண்களின் வேலை நேரம் குறையவில்லை, கொஞ்சம் கூடியே இருந்தது.

2009-இல் வலேரி ரேமி என்ற பொருளாதார அறிஞர் இந்தப் பழைய குறிப்புகளையே மறுபடி எடுத்து, மக்கள்தொகை முழுவதற்கும் பொருந்தும்படி கணக்கிட்டார். லெபர்காட் மூன்று வேலைகளை மட்டும் எண்ணினார். ரேமியின் கணக்கில் குழந்தை வளர்ப்பு, வீட்டுக்கு வேண்டியதை வாங்கி வருவது எல்லாம் சேரும். அவருக்குக் கிடைத்த விடை இது: உழைக்கும் வயதுப் பெண்களின் வீட்டு வேலை நேரம் 1900-க்கும் 1965-க்கும் இடையில் வாரத்துக்கு ஏறத்தாழ 6 மணி நேரம்தான் குறைந்தது. அடுத்த நாற்பது ஆண்டுகளில், 2005-க்குள், மேலும் 12 மணி நேரம் குறைந்தது. ஆண்களின் நேரமோ நூற்றாண்டு முழுவதிலும் 13 மணி நேரம் கூடியது. ஆண், பெண், சிறியவர், பெரியவர் எல்லோரையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், ஒரு நபர் வீட்டு வேலைக்குச் செலவழித்த நேரம் நூறு ஆண்டுகளில் சற்றே ஏறியிருக்கிறது.

பெரிய மெஷின்கள் வீட்டுக்குள் நுழைந்த காலத்தில் சிறிய சரிவு, அவை ஏற்கெனவே வந்துவிட்ட பிறகு பெரிய சரிவு. முதல் வரைபடம் சொன்ன கதையோடு இது ஒத்துப்போகவில்லை.

ஒரு வேலைக்கு ஆகும் நேரம், ஒருத்திக்கு ஆகும் நேரம்

அப்படியானால் மெஷின் நேரத்தை மிச்சப்படுத்தவே இல்லையா? மிச்சப்படுத்தியது, அதில் சந்தேகம் வேண்டாம். 1940-களில் அமெரிக்காவின் கிராமப்புற மின்மயமாக்கல் துறை ஒரு பண்ணை வீட்டுப் பெண்ணின் சலவை வேலையைக் கடிகாரம் வைத்து அளந்தது. 17 கிலோ அளவுள்ள துணியைக் கையால் துவைக்க அவருக்கு 4 மணி நேரம் ஆனது. மின்சார வாஷிங் மெஷின் வந்த பிறகு 41 நிமிடம். அடுப்பில் சூடாக்கும் பழைய இரும்புப் பெட்டியால் அவற்றை இஸ்திரி போட நாலரை மணி நேரம். மின்சாரப் பெட்டியால் ஒன்றே முக்கால் மணி நேரம். துவைக்கும்போது அவர் நடந்த தூரத்தையும் அளந்திருக்கிறார்கள்: முன்பு 3,181 அடி, பிறகு 332 அடி. தண்ணீர் இறைத்து, சுமந்து, காய்ச்சி, மறுபடி சுமந்து ஊற்றிய நடையெல்லாம் அதோடு போனது. அந்த உடம்பு எவ்வளவு நோவிலிருந்து தப்பியது என்று யோசித்தால், இந்த மெஷின்களை யாரும் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் அந்தச் சோதனை அளந்தது ஒரே அளவுத் துணியை, ஒரே ஒரு முறை துவைப்பதை. வாழ்க்கையில் துணியின் அளவு அப்படியே நிற்பதில்லை. எத்தனை நாளுக்கொரு முறை துவைக்கிறோம் என்பதும் நிற்பதில்லை. எல்லாவற்றையும் விட, துவைப்பவர் யார் என்பதே மாறிவிடுகிறது.

இந்தக் கடைசி விஷயத்தை மற்ற எவரையும்விடத் தெளிவாகப் பார்த்தவர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற தொழில்நுட்ப வரலாற்றாளர். 1983-இல் வந்த அவருடைய ஆய்வின் மையக் கேள்வி எளிமையானது: மெஷின் வருவதற்கு முன் அந்த வேலையைச் செய்தவர்கள் யார் யார்? தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முந்தைய வீட்டில் எல்லோருக்கும் வேலை இருந்தது. விறகு வெட்டிப் பிளந்தது ஆண்கள். தானியத்தை அரைத்து மாவாக்கியதிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. தண்ணீர் தூக்கியதும் சாம்பல் அள்ளியதும் பல வீடுகளில் பிள்ளைகள். கனமான கம்பளத்தை வெளியே தூக்கிப் போட்டு அடித்துத் தூசி தட்டியதும் ஆண்களும் சிறுவர்களுமே. கொஞ்சம் வசதி இருந்த வீடுகளில் வேலைக்கார அம்மா ஒருவர் இருந்தார், அல்லது அழுக்குத் துணி வெளியே போய்ச் சலவையாகி வந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாக மாறியது. இரும்பு அடுப்பு வந்ததும் விறகின் தேவை பாதியானது. கேஸும் மின்சாரமும் வந்ததும் அதுவும் போனது. மாவு ஆலையிலிருந்து வந்தது. தண்ணீர் குழாயில் வந்தது. கம்பளத்தை வேக்குவம் கிளீனர் பார்த்துக்கொண்டது. இப்படி ஆண்கள் செய்ததும் பிள்ளைகள் செய்ததும் வீட்டிலிருந்தே மறைந்தன. சமைப்பது, துடைப்பது, குழந்தையைப் பார்ப்பது மறையவில்லை. வேக்குவம் கிளீனரை எடுத்து ஓட்டியதும் பெண்ணே. முன்பு ஆண்டுக்கு ஓரிரு முறை வீடே கூடிச் செய்தது, வாராவாரம் அவர் ஒருவர் மட்டும் செய்வதாக ஆனது. ஆண்கள் வெளியே கூலிக்குப் போகவும் பிள்ளைகள் பள்ளிக்குப் போகவும் இந்த மாற்றம் வழிவிட்டது. மிச்சமான நேரம் இருக்கவே செய்தது. அதில் பெரும்பங்கு தாயின் கணக்கில் வரவாகவில்லை, அவ்வளவுதான்.

சலவையின் கதை இதில் தனியாகச் சொல்ல வேண்டியது. இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபத்தைந்து ஆண்டுகளில் அமெரிக்க நகரங்களில் சலவை வீட்டை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. நீராவியால் இயங்கிய பெரிய லாண்டரிகள் வீட்டுக்கே வந்து துணியை எடுத்துப்போய்த் துவைத்துத் திருப்பித் தந்தன. அது அப்படியே தொடர்ந்திருந்தால், துணி நெய்வது எப்படி வீட்டை விட்டுப் போய்விட்டதோ அப்படிச் சலவையும் போயிருக்கும். வீட்டு வாஷிங் மெஷின் விலை இறங்கி, லாண்டரிகள் தேய்ந்து, போன வேலை வீட்டுக்கே திரும்பி வந்தது. சலவைக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்த ஒரு நடுத்தரக் குடும்பத் தலைவிக்கு வாஷிங் மெஷின் உண்மையில் ஒரு புது வேலை. இது எனக்கு இன்றும் வியப்பான விஷயம். ஒரு கருவி, அதை வாங்கியவரின் நேரத்தைக் கூட்டுகிறது. அதே கருவி அடுத்த வீட்டில் ஆற்றோரமோ கிணற்றடியிலோ துவைத்தவரின் நேரத்தை அறுத்துத் தள்ளுகிறது. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் ஒன்றுமே நடக்காதது போல் தெரியும்.

1900-இல் வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருந்த குடும்பங்கள் பல. அந்த ஆட்கள் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் போன பிறகு, அவர்கள் இடத்தை நிரப்பத்தான் மின்சாரக் கருவிகள் விளம்பரப்படுத்தப்பட்டன. விளம்பரங்கள் அவற்றை ‘மின்சாரப் பணியாள்’ என்றே அழைத்தன. பணியாள் போனார், கருவி வந்தது, கருவியை இயக்க வேண்டியவர் வீட்டுக்காரி. முன்பு வேலை வாங்கியவர் இப்போது வேலை செய்பவரானார்.

சுத்தம் என்பதன் அளவு

மெஷின் ஒரு வேலையை எளிதாக்கியதும் அந்த வேலை அடிக்கடி நடக்கத் தொடங்குகிறது. துவைப்பது வாரத்தில் ஒரு முழுநாளை விழுங்கியவரை, சட்டையை இரண்டு மூன்று நாள் போட்டுக்கொள்வது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. மெஷின் வந்ததும் ஒருமுறை போட்டது அழுக்குக் கூடைக்குப் போகிறது. துணிகளின் எண்ணிக்கையும் கூடிவிட்டது. ஆயத்த ஆடை மலிவானதும் ஒவ்வொருவரிடமும் மாற்றுத் துணி பெருகியது. இதில் மெஷின் பார்த்துக்கொள்வது அலசுவதையும் பிழிவதையும்தான். பிரிப்பது, காயப்போடுவது, எடுப்பது, மடிப்பது, அவரவர் அலமாரியில் கொண்டுபோய் வைப்பது எல்லாம் கைவேலை. துணி இரட்டிப்பானால் இவை இரட்டிப்பாகும்.

சுத்தத்தின் மீதான இந்த வேகம் வெறும் விளம்பரத்தால் வந்ததில்லை. கிருமிகளால் நோய் வருகிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நிறுவப்பட்டபோது, வீட்டைச் சுத்தமாக வைப்பது உயிர்காக்கும் வேலையாக ஆனது. அந்தக் காலத்தில் குழந்தைகள் எவ்வளவு பேர் வயிற்றுப்போக்கிலும் தொற்றிலும் இறந்தார்கள் என்று நினைத்தால், தாய்மார்கள் கூடுதலாகத் துடைத்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் காரணம் இருந்தது. ரேமியும் பிறரும் இதை வலியுறுத்துகிறார்கள்: நேரம் குறையாமல் இருந்ததை வீண் என்று தள்ளிவிட முடியாது, அதே நேரத்துக்கு வீட்டில் கிடைத்த சுத்தமும் ஊட்டமும் உடல்நலமும் முன்பைவிடப் பலமடங்கு. ஆனால் விளம்பரக்காரர்கள் அந்தப் பயத்தைப் பிடித்துக்கொண்டதும் உண்மை. தரையில் இருக்கும் தூசி தாயின் அன்பில் உள்ள குறையாகச் சித்திரிக்கப்பட்டது. உயிர்காக்கும் சுத்தம் எங்கே முடிகிறது, ஊர் என்ன சொல்லுமோ என்ற சுத்தம் எங்கே தொடங்குகிறது என்பதைப் பெண்கள் தனியாக முடிவு செய்ய விடப்பட்டார்கள். அது நியாயமில்லை.

வரைபடத்தில் தெரியாத இன்னொன்று குடும்பத்தின் அளவு. அமெரிக்காவில் 1900-இல் ஒரு வீட்டில் சராசரியாக 4.6 பேர்; 2000-இல் 2.6 பேர். நான்கு பேருக்குச் சமைப்பதில் பாதி நேரம் போதும் இரண்டு பேருக்குச் சமைக்க என்று சமைத்தவர் யாரும் சொல்லமாட்டார்கள். அடுப்பு மூட்டுவது, பாத்திரம் கழுவுவது, தரை துடைப்பது இவையெல்லாம் தலைக்கணக்கில் குறைவதில்லை. குடும்பங்கள் சிறிதாகச் சிறிதாக, அதே மக்கள்தொகைக்கு அடுப்புகள் அதிகமாயின. ஒரு நபருக்கான சராசரி நேரம் குறையாமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். கூடவே, வீடுகளின் பரப்பும் அறைகளின் எண்ணிக்கையும் கூடின.

வரைபடம் மறைப்பது

‘வாஷிங் மெஷின் உள்ள வீடுகள்’ என்று ஒரு கோடு போடும்போது, எல்லா மெஷினும் ஒன்று என்று ஆகிவிடுகிறது. 1908-ஐ ஒட்டி விற்பனைக்கு வந்த முதல் மின்சார மெஷின்கள் தொட்டியைச் சுழற்றின, அவ்வளவுதான். தண்ணீரை ஊற்றுவது, வடிப்பது, துணியை ஒவ்வொன்றாக உருளைகளுக்கு நடுவே விட்டுப் பிழிவது எல்லாம் ஆள் நின்று செய்ய வேண்டியவை. துவைத்து, அலசி, தானாகவே நீரை வெளியேற்றும் வீட்டு மெஷின் 1937-இல்தான் வந்தது. அது வந்த பிறகும் குழாய் இல்லாத வீட்டில் அதனால் பெரிய பயனில்லை. 1940-இல் எடுத்த அமெரிக்க வீட்டுக் கணக்கெடுப்பில் 79 சதவீத வீடுகளில் மின்விளக்கு இருந்தது. வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் இருந்தது 70 சதவீதத்தில். தானாகக் குளிரூட்டும் ஃபிரிட்ஜ் 44 சதவீதத்தில். மின்சாரம் இருந்தும் தண்ணீர் சுமந்தவர்கள் அத்தனை பேர். என் பார்வையில் உண்மையான புரட்சி குழாயும் மின்கம்பியும்தான். மெஷின்கள் அவற்றின் முனையில் வந்து மாட்டிக்கொண்டவை.

நேரம் என்ற கோட்டுக்கும் இதே சிக்கல் உண்டு. நேரக் குறிப்பில் ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் முதன்மையாக எழுதுகிறார். மெஷின் ஓடும்போது குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டினால் அது எந்தக் கணக்கில் சேரும்? எப்போது என்ன தீரும், யாருக்கு எப்போது மருந்து என்று மனதில் ஓடிக்கொண்டே இருக்கும் கணக்கு எந்தக் கட்டத்திலும் ஏறாது. மெஷின்கள் உடலுழைப்பைக் குறைத்து மேற்பார்வையைக் கூட்டியிருக்கின்றன. மேற்பார்வையை அளப்பது கடினம்.

இனி 1965-க்குப் பிறகு வந்த அந்தப் பெரிய சரிவு. சூசன் பியாங்கியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2000-இல் காட்டிய எண்கள் பளிச்சென்று இருக்கும்: குழந்தை வளர்ப்பைச் சேர்க்காமல், அமெரிக்கப் பெண்களின் வீட்டு வேலை 1965-இல் வாரம் 30 மணி நேரம், 1995-இல் 17.5. ஆண்களுடையது 4.9-இலிருந்து 10 ஆனது. மைக்ரோவேவும் பாத்திரம் கழுவும் மெஷினும் துணி உலர்த்தியும் பரவிய காலம் இது என்பது சரிதான். இஸ்திரி கேட்காத செயற்கை இழைத் துணியும் உதவியது. 1960-களில் திருமணமான பெண்களின் வேலைவாய்ப்பு கூடியதில் ஏறத்தாழ 40 சதவீதத்துக்கு வீட்டுக் கருவிகள் காரணம் என்று 2010-இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. கருவிகளுக்குப் பங்கே இல்லை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் வானெக்கின் கட்டுரையிலேயே ஒரு குறிப்பு உண்டு. 1960-களில் வீட்டிலிருந்த பெண்கள் 55 மணி நேரம் செலவழித்தபோது, வேலைக்குப் போன பெண்கள் ஏறத்தாழ 26 மணி நேரத்தில் முடித்திருக்கிறார்கள். காலம் ஒன்று, சந்தையில் கிடைத்த கருவிகளும் ஒன்று, நேரம் மட்டும் பாதி. சம்பள வேலைக்குப் போன பெண் எதைச் செய்யாமல் விடலாம் என்று தானே முடிவு செய்தாள். சில வேலைகளை விட்டாள், சிலவற்றைச் சுருக்கினாள், சிலவற்றைக் காசு கொடுத்து வாங்கினாள். வேலைக்குப் போன பெண்களின் விகிதம் கூடக்கூடச் சராசரி இறங்கியது. நேரம் மிச்சமானதால் வேலைக்குப் போனார்கள் என்பது எவ்வளவு உண்மையோ, வேலைக்குப் போனதால் நேரத்தை மிச்சப்படுத்தினார்கள் என்பதும் அவ்வளவு உண்மை.

ஆஸ்திரேலியாவின் 1997-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை வைத்து மைக்கேல் பிட்மேன், ஜேம்ஸ் ரைஸ், ஜூடி வாக்மேன் மூவரும் நேராகவே சோதித்தார்கள்: ஒரே மாதிரிக் குடும்பங்களில், கருவி இருக்கும் வீட்டுப் பெண்ணின் வேலை நேரம் கருவி இல்லாத வீட்டைவிடக் குறைவா? பெரும்பாலும் இல்லை. சிலவற்றில் கூடுதலாகவே இருந்தது. யார் எந்த வேலையைச் செய்வது என்ற ஆண்–பெண் பாகப்பிரிவினையைக் கருவிகள் அசைக்கவில்லை என்று 2004-இல் எழுதினார்கள். அந்த ஆய்வை முதலில் படித்தபோது எனக்கு வந்தது கோபம்தான். இவ்வளவு காலம் மெஷினிடம் நாம் எதிர்பார்த்தது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் கேட்டிருக்க வேண்டிய ஒன்று.

இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பிலும் இந்தப் பாகப்பிரிவினையைத்தான் பார்க்கிறோம். தங்கள் வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்குச் செலவழித்தது நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். ஈடுபட்டவர்களே பெண்களில் 81 சதவீதம், ஆண்களில் 26 சதவீதம். உலக அளவில் ஊதியமில்லாத பராமரிப்பு வேலையில் நான்கில் மூன்று பங்கைப் பெண்கள் செய்கிறார்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் கணக்கிட்டது.

அமெரிக்காவில் எப்போதோ முடிந்துபோன அந்த முதல் கட்டம், அதாவது குழாயும் மின்கம்பியும், உலகின் பெரும்பகுதிக்கு இன்னும் முடியவில்லை. பெண்களும் சிறுமிகளும் தண்ணீர் எடுத்து வர நாள்தோறும் செலவழிப்பது 20 கோடி மணி நேரம் என்று யூனிசெஃப் 2016-இல் மதிப்பிட்டது. இங்கே கருவியின் பலன் பற்றிச் சந்தேகம் எழுவதே இல்லை. தென்னாப்பிரிக்காவின் க்வாசூலு–நட்டால் மாகாணக் கிராமங்களுக்கு மின்சாரம் போனபோது, ஐந்து ஆண்டுகளுக்குள் பெண்களின் வேலைவாய்ப்பு ஏறத்தாழ 9 சதவீதப் புள்ளிகள் கூடியதாக டேரின் டிங்கெல்மன் 2011-இல் காட்டினார். விறகு தேடும் நேரம் மிச்சமாவது என்பது அவ்வளவு பெரிய விஷயம்.

மொராக்கோவின் டேஞ்சியர் நகரில் நடந்த சோதனையின் முடிவு இன்னொரு மாதிரி. பொதுக்குழாயை நம்பியிருந்த குடும்பங்களுக்கு வீட்டுக்குள்ளேயே குழாய் இணைப்புப் பெற உதவினார்கள். 2012-இல் முடிவுகள் வெளியாயின. நேரம் நிறைய மிச்சமானது. யாரும் புதிதாகச் சம்பள வேலைக்குப் போகவில்லை, வருமானம் ஏறவில்லை. வளர்ச்சித் திட்டங்களை எடைபோடுகிறவர்களில் சிலர் இதைப் பலனில்லை என்று எழுதிவிடக்கூடும். எனக்கு அது சம்மதமில்லை. அந்த வீட்டார் மிச்சமான நேரத்தில் ஓய்வெடுத்தார்கள், உறவினர்களையும் நண்பர்களையும் பார்க்கப் போனார்கள். தண்ணீரை வைத்து அக்கம்பக்கத்தில் மூண்ட சண்டைகள் குறைந்தன. வாழ்க்கை முன்பைவிட நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள்.